பின்னங்கால் ஓரத்தில் ஒரு நீல எண்

அக்கா முதலில் எழுதுவார், பிறகுதான் வாயைத் திறப்பார். அவரைப் பற்றி ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். நான் இன்று உட்கார்ந்து எழுதுவதும் அந்த ஒரு பழக்கத்துக்குச் செய்த துரோகத்தைப் பற்றித்தான்.

ஆம்பூருக்கு வெளியே இருந்த ஒரு தோல் கம்பெனி அது. சாயமேற்றி, மெருகேற்றி முடித்த ஆட்டுத்தோலைக் கடைசியாகத் தரம் பிரிக்கும் மேஜை, வடக்குப் பார்த்த பெரிய ஜன்னலோரம் கிடந்தது. அதைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள். தோலை விரித்ததும் முள் கீறல், உண்ணி கடித்த தடம், அம்மைத் தழும்பு, உரிக்கும்போது பட்ட கத்தி என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். பார்த்துவிட்டு ஒன்றிலிருந்து ஆறு வரை ஒரு எண் சொல்ல வேண்டும். ஒன்று என்றால் மாசு மருவில்லாத தோல், ஆறு என்றால் கழிவு. நாலு பேரில் பெரும்பாலோர் ஒத்துக்கொண்ட எண்தான் அந்தத் தோலின் தலையெழுத்து.

மேஜையில் முதல் குரல் மாஸ்டருடையது. முப்பது வருஷம் தோல் பார்த்தவர், நல்ல மனுஷர், டீ வாங்கிக் கொடுத்தால் சர்க்கரை சரியா என்று கேட்டுவிட்டுத்தான் தன் கிளாஸை எடுப்பார். அவர் 'ரெண்டு' என்றால் எதிரே நிற்கும் இருவரும் 'ரெண்டு' என்பார்கள். ஆனால் அவர் வாய் திறப்பதற்குள் நாலாவது ஆளான அக்கா தோலை ஒரு பார்வை பார்த்து, ஓரத்தைப் புரட்டி, உள்பக்கத்தில் இடது பின்னங்கால் பக்கம் நீலக் கிரேயானால் சுண்டைக்காய் அளவுக்குத் தன் எண்ணை எழுதிவிடுவார். எழுதச் சொல்லி யாரும் அவரைக் கேட்டதில்லை. கடைசியில் மேஜை சொல்லும் எண்தான் முத்திரையாக விழும். அக்காவின் எண் அதன் பக்கத்தில் சும்மா இருக்கும்.

"எதுக்குக்கா எழுதுறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மத்தவங்க சொல்றது காதுல வுழுந்துடுச்சுன்னா, நான் பாத்தது எது, கேட்டது எதுன்னு அப்பறம் எனக்கே தெரியாது தம்பி," என்றார்.

மற்ற மூவரும் அவருக்கு 'ஒத்த ஓட்டு' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் இல்லாதபோது சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

அவர் அந்த மேஜைக்கு வந்த முதல் பெண். அதற்கு முன் ஒரு ஷூ கம்பெனியில் இடது கால், வலது கால் தோல்களை நிறம் பார்த்து ஜோடி சேர்க்கும் வேலையில் இருந்தார். ஒரே கறுப்பில் நாலு கறுப்பு பார்க்கும் கண் என்று கேள்விப்பட்டு மேனேஜரே கூப்பிட்டுக்கொண்டு வந்தார். மேஜையில் நிற்பவர்களுக்கு மட்டும் வெள்ளைக் கோட்டு. ஓரம் வெட்டும் டிரிம்மிங் பெண்களுக்குக் காக்கி. அக்கா தன் கோட்டை வீட்டில் துவைத்து, தேய்த்து, மடிப்புக் கலையாமல் ஒரு துணிப்பையில் கொண்டுவருவார். சாயங்காலம் ஷிப்ட் முடிந்த பிறகும் உடனே கழற்ற மாட்டார். கேட் வரைக்கும் போட்டுக்கொண்டே நடப்பார். அதில் அவருக்கு இருந்த சந்தோஷம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் பிடுங்கினேன்.

நான் அங்கே தரக் கட்டுப்பாட்டில் இருந்தேன். கணக்கில் முதுகலை முடித்துவிட்டு, காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியில் பகுதிநேர ஆராய்ச்சிக்கும் பதிந்திருந்தேன். என் தலைப்பு, ஒரு கூட்டம் எப்படி ஒரே கருத்துக்கு வந்து சேர்கிறது என்பது. கேட்கப் பெரிதாக இருக்கும், விஷயம் எளிது. ஒரு பலாப்பழத்தின் எடை என்ன என்று நாலு பேரைக் கேளுங்கள். ஆளுக்கொன்று சொல்வார்கள். பிறகு ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்டதும், தன் எண்ணைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்திக்கொள்வார்கள். யாருக்கு யார் எவ்வளவு காது கொடுக்கிறார்கள் என்பதையும் எண்ணாக எழுதலாம். நாலுக்கு நாலு கட்டம் போட்டு அந்த எண்களை நிரப்பி, திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொண்டே போனால், எல்லோரும் ஒருவருக்கொருவர் காது கொடுக்கும் இடத்தில், கடைசியில் நாலு பேரும் ஒரே எண்ணில் வந்து நிற்பார்கள். முதன்முதலாக அதைத் தாளில் போட்டுப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. மனுஷக் கூட்டத்தின் சச்சரவெல்லாம் ஒரு கணக்கில் அடங்கிவிட்டதே என்று இருந்தது.

அந்தக் கணக்கில் ஒரு சங்கடமான ஆள் உண்டு. யாருக்கும் காது கொடுக்காதவர். அவருக்கு ஒரே ஒருவர் காது கொடுத்தாலும் போதும், அந்த ஒருவர் வழியாக மொத்தக் கூட்டமும் மெல்ல மெல்ல அவர் பக்கம் சாய்ந்துவிடும். யாருமே காது கொடுக்கவில்லை என்றால் கூட்டம் ஒருபக்கம் சேரும், அவர் தனியாக நிற்பார். புத்தகங்களில் அவருக்குப் பிடிவாதக்காரர் என்று பெயர். என் மேஜையிலேயே அப்படி ஒருவர் நின்றுகொண்டிருந்தார். எனக்கு அதிர்ஷ்டம் அடித்தது என்றே நினைத்தேன்.

இரண்டு வாரம் நோட்டோடு அவர்கள் பக்கத்தில் நின்றேன். ஒவ்வொரு தோலுக்கும் ஒவ்வொருவரும் முதலில் சொன்ன எண், பேசி முடித்த பிறகு சொன்ன எண், இரண்டையும் குறித்தேன். மாஸ்டருக்கு எதிரே நின்ற இருவருடைய காதும் இருந்தது. அக்காவுக்கு யாருடைய காதும் இல்லை, அவரும் யாருக்கும் கொடுக்கவில்லை. கட்டத்தில் அவருடைய வரிசை மட்டும் பூஜ்யம் பூஜ்யமாகப் பளிச்சென்று தெரிந்தது. கல்லூரியில் என் வழிகாட்டி அதைப் பார்த்து, "இது கிடைக்க மத்தவங்க தவம் கெடக்கணும்யா," என்றார்.

அந்த நோட்டில் நான் குறிக்காத ஒன்று இருந்தது. ஒரு தோலுக்கு அக்கா நாலு எழுதினார். மற்றவர்கள் ரெண்டு என்றார்கள். நடு முதுகில் நீளமாக ஒரு கோடு தெரிந்ததுதான் அக்காவின் நாலுக்குக் காரணம். அக்கா தோலைத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னலில் வைத்துப் பார்த்தார், முழங்காலில் மடித்து இழுத்துப் பார்த்தார், கட்டை விரலால் தேய்த்தார். கோடு போய்விட்டது. மெருகு இயந்திரத்திலிருந்து ஒட்டிய அழுக்கு. உடனே தன் நாலை அடித்துவிட்டு ரெண்டு எழுதினார். "நான்தாம்பா தப்பு, ரெண்டுதான் இது," என்று சிரித்தார். அவர் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. நூறு பேர் சொன்னாலும் நகராதவர், தோல் சொன்னால் ஒரு நொடியில் நகர்ந்துவிடுவார். இதைக் குறிக்க என் நோட்டில் பத்தியே கிடையாது. யார் பேச்சைக் கேட்டு மாறினார் என்ற பத்திதான் இருந்தது. அதில் 'இல்லை' என்று போட்டேன்.

சந்தேகம் வந்தால் அக்கா எழுந்து போய்ச் சுவரில் மாட்டியிருக்கும் மாதிரித் தோல்களைப் பார்த்துவிட்டு வருவார். இது ஒன்று, இது ரெண்டு என்று வாங்குகிறவர் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட தோல்கள் அவை. மற்றவர்கள் அந்தப் பக்கம் திரும்பியே மாசக்கணக்காகியிருந்தது. "அதெல்லாம் மனப்பாடம்மா. நீ போய்ட்டுப் போய்ட்டு வந்தா லாட்டு எப்ப முடியறது? ஒரே பேஜாரு," என்பார் மாஸ்டர். அக்கா போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவார்.

அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு ஒகேனக்கல் கதையைச் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் செக்‌ஷன் எங்காவது போய்வரலாம் என்று பேச்சு வந்தது. மாஸ்டர், "ஒகேனக்கல் போலாமா?" என்றார். "உங்க இஷ்டம் மாஸ்டர்," என்றார் ஒருவர். "எல்லாரும் சொன்னா சரி," என்றார் இன்னொருவர். எனக்கு அந்த வெயிலில் போக இஷ்டமே இல்லை, "ஜமாய்ச்சிடலாம்," என்றேன். அக்கா மட்டும் தோலைப் புரட்டிக்கொண்டே, "எனக்கு வேணாம்பா. இன்னா வெய்யிலு இது," என்றார். நாங்கள் வேன் பிடித்துப் போனோம். பரிசல் ஓடவில்லை, வாங்கிப்போன பிரியாணி வேனிலேயே புளித்துவிட்டது. திரும்பி வரும்போது மாஸ்டர் முனகினார், "எனக்கு மொதல்லேர்ந்தே இஷ்டமில்ல. நீங்கல்லாம் ஆசப்பட்டீங்களேன்னுதான்." ஒவ்வொருவராக அதையே சொன்னோம். நாலு பேர் போக விரும்பாத இடத்துக்கு நாலு பேரும் ஒருமனதாகப் போய் வந்திருந்தோம். வேனில் விழுந்து விழுந்து சிரித்தேன். என் ஆராய்ச்சியின் ஓட்டை அந்த வேனில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது, அதைக் கவனிக்கவில்லை.

மேனேஜருக்கு வேகம் வேண்டியிருந்தது. கப்பல் தேதி நெருங்க நெருங்க மேஜையில் தோல் மலையாகக் குவிந்தது. என் நோட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு அறைக்குக் கூப்பிட்டார். கட்டங்களையும் கோடுகளையும் காட்டினேன். அவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு, "ஒரே வார்த்தைல சொல்லுப்பா. இன்னா பிரச்சன அங்க?" என்றார்.

"மூணு பேரும் கிட்டத்தட்ட ஒரே நம்பர்தான் சார் சொல்றாங்க. அக்கா ஒருத்தங்கதான் தனியாப் போறாங்க. அவங்க இல்லன்னா மேஜ வேகமாப் போவும்."

இதைச் சொன்னபோது என் குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. என் கணக்கு முதன்முதலாக ஒரு காரியத்துக்குப் பயன்பட்ட பெருமைதான் இருந்தது. மறுவாரம் அக்காவை டிரிம்மிங்குக்கு மாற்றினார்கள். வெள்ளைக் கோட்டை மடித்து மேஜை மேல் வைத்துவிட்டு, நீலக் கிரேயானையும் அதன் மேல் வைத்தார். என்னைப் பார்த்து, "எந்தத் தோலையாவது தப்பாப் போட்டுட்டனா தம்பி? எதுன்னு சொன்னா பாத்துக்கறேன்," என்றார். அப்படி எந்தத் தோலும் இல்லை. "ஆள் மாத்தறதுதான்கா, எல்லாருக்கும் வரும்," என்றேன்.

அதற்குப் பிறகு மேஜை பறந்தது. நாலு குரல் மூன்றாகி, மூன்றும் ஒன்றாகிவிட்டன. அக்கா காக்கிக் கோட்டில், நீராவி அடிக்கும் மூலையில், பெரிய கத்தரிக்கோலால் ஓரம் வெட்டிக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் போனால், "மேஜல ஆள் கம்மியாமே தம்பி? கூப்புடுவாங்களா?" என்று கேட்பார். பார்க்கலாம்கா என்பேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு லாட் திரும்பி வந்தது. ரெண்டாம் தரம் என்று அனுப்பியதில் பெரும்பகுதி நாலாம் தரம் என்று வாங்குகிறவர் எழுதியிருந்தார். அக்கா மேஜையில் இருந்த கடைசி வாரங்களில், நான் நோட்டோடு பக்கத்தில் நின்றபோது பிரித்த லாட் அது. மேனேஜர் கடிதத்தை என்னிடம் நீட்டி, "நாளைக்குக் காலைல எல்லாரையும் வெச்சி விசாரிக்கணும். ஒரு கட்டு எடுத்துட்டு வந்து வையி. அந்தம்மா அப்ப வேற நம்பர் சொல்லியிருந்தா மேஜைக்கே திரும்பக் கூட்டிக்கலாம்," என்றார்.

மத்தியானம் கிடங்கில் நான் ஒருவனாகக் கட்டைப் பிரித்தேன். மேல் தோலைப் புரட்டினேன். இடது பின்னங்கால் ஓரத்தில் நீலத்தில் நாலு. அடுத்ததில் நாலு. அதற்கடுத்ததில் மூன்று. வாங்குகிறவரின் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். அங்கொன்று இங்கொன்று தவிர, கடல் தாண்டி இருக்கும் ஒருவரும் அக்காவும் பேசிவைத்துக்கொண்டு எழுதியதுபோல இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் கேட்கவில்லை. இருவரும் தோலைப் பார்த்திருந்தார்கள்.

என் கணக்கில் தோலுக்கு இடமே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. யார் யாருக்குக் காது கொடுக்கிறார்கள் என்று கட்டம் கட்டமாக நிரப்பியிருந்தேன். மேஜை மேல் கிடந்தது என்ன என்பதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, விட்டுக்கொடுத்து, வாரத்துக்கு ஒரு மயிரிழை இறங்கி, நாலாம் தரத்தை ரெண்டு என்று ஒருமனதாகச் சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டார்கள். அதைத்தான் ஒற்றுமை என்று நான் வரைந்து வைத்திருந்தேன்.

இதைக் காலையில் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். அக்காவை எடுக்கச் சொன்னவன் நான். ஆராய்ச்சியின் நடு அத்தியாயமே அந்த மேஜை. மேனேஜர் முன்னால் கைகட்டி நிற்க வேண்டிவரும். எனக்கு முந்நூறு காரணங்கள் தோன்றவில்லை, இந்த மூன்றுதான் தோன்றின, அவையே போதுமாக இருந்தன. மெருகு செக்‌ஷனிலிருந்து ஒரு டப்பாவில் கொஞ்சம் தின்னர் எடுத்துவந்தேன். பனியன் துணியை அதில் நனைத்து, கட்டிலிருந்த தோல் ஒவ்வொன்றின் பின்னங்கால் ஓரத்தையும் துடைத்தேன். கிரேயான் சுலபமாகப் போய்விடும். தின்னர் வாசனை எங்கள் கம்பெனியில் எப்போதும் இருப்பதுதான், யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது. துடைத்து முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன், நகக்கண்ணில் நீலம் ரெண்டு நாள் இருந்தது.

மறுநாள் காலை மேனேஜர் அறையில் மாஸ்டர், மற்ற இருவர், நான். அக்காவை டிரிம்மிங்கிலிருந்து கூப்பிட்டார்கள். காக்கிக் கோட்டோடு வந்து கதவோரம் நின்றார். அவர் முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது. எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று யாரோ சொல்லியிருப்பார்கள்.

"இந்த லாட்ட ரெண்டுன்னு போட்டது யாரு?" என்றார் மேனேஜர்.

"எல்லாரும் ஒத்துக்கினதுதான் சார்," என்றார் மாஸ்டர். மற்ற இருவரும் தலையாட்டினார்கள்.

"நீ இன்னாம்மா சொன்ன?"

"நான் நாலு போட்டேன் சார்," என்றார் அக்கா. "இதுல பாதிக்கு மேல நாலுதான். பின்னால எழுதியிருக்கும், பாருங்க."

மேனேஜர் மேல் தோலைப் புரட்டினார். ஒன்றும் இல்லை. அடுத்ததைப் புரட்டினார். அக்கா கிட்டே வந்தார். தோலைத் தன் கையில் வாங்கி, ஜன்னல் பக்கம் திருப்பி, பின்னங்கால் ஓரத்தைக் கட்டை விரலால் தடவினார். மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது. மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா எழுதியதைத் தினமும் பார்த்தவர் அவர், பார்த்த மற்ற இருவரும் அங்கேதான் இருந்தார்கள்.

"உன் நோட்டுல இன்னா இருக்குப்பா?" என்று மேனேஜர் என்னைக் கேட்டார்.

நோட்டு என் கையில்தான் இருந்தது. அக்கா என்னைப் பார்த்தார். நான் பக்கத்தைத் திருப்பினேன். நாலு, நாலு, மூன்று, நாலு என்று என் கையெழுத்திலேயே இருந்தது.

"ரெண்டுதான் சார். நாலு பேருமே," என்றேன்.

அக்கா சண்டை போடுவார் என்று நினைத்தேன். ஒத்த ஓட்டு அல்லவா. சண்டை போட்டிருந்தால் நான் உடைந்துபோய் உண்மையைச் சொல்லியிருக்கவும் கூடும் என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் போடவில்லை. கையிலிருந்த தோலை இன்னொரு தடவை புரட்டிப் பார்த்தார்.

"எழுதலையே," என்றார் மெதுவாக. "அப்ப நான்தான் தப்பா நெனச்சிக்கினு இருந்திருக்கேன் சார்."

நாங்கள் நாலு பேர் சொன்னதற்காக அவர் மாறவில்லை. தோலைப் பார்த்து மாறினார். வாழ்க்கையில் அவர் நம்பிய ஒரே சாட்சி அதுதான், அதன் வாயை முந்தின நாள் நான் துடைத்திருந்தேன். வாங்குகிறவர்தான் சந்தை மந்தம் என்று கெடுபிடி பண்ணுகிறார் என்று அந்த அறையில் எல்லோரும் சேர்ந்து முடிவுசெய்தோம். அக்கா டிரிம்மிங்குக்குத் திரும்பிப் போனார். மேஜையைப் பற்றி என்னிடம் அதன்பிறகு அவர் கேட்கவே இல்லை. அடுத்த வருஷம் வேலையை விட்டும் நின்றுவிட்டார்.

என் ஆராய்ச்சி ஏற்றுக்கொள்ளப்பட்டது. இப்போது ஒரு கல்லூரியில் அதையே நடத்துகிறேன். நாலுக்கு நாலு கட்டம் வரைந்து அந்த பூஜ்ய வரிசைக்கு வரும்போது, பிள்ளைகள் பக்கம் திரும்பாமல் பலகையைப் பார்த்தே பேசி முடித்துவிடுவேன்.

போன வருஷம் ஒரு மத்தியானம் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். அவர்தான் முதலில் கூப்பிட்டார். தடிமனான கண்ணாடி போட்டிருந்தார். பொண்ணு நர்ஸிங் முடித்து வேலூரில் இருக்கிறாளாம், அவளைப் பார்க்கப் போகிறாராம். என் பிள்ளைகளை விசாரித்தார். பிறகு, நான் கேட்காமலே சொன்னார்.

"அன்னிக்கி ஆபீஸ்ல அந்தத் தோலப் பாத்தன் இல்ல தம்பி, அப்பலேர்ந்தே எனக்குப் பயம் வந்துடுச்சி. எழுதுனது கண்ணுக்கு முன்னாடி நிக்கிது, பாத்தா எழுதவே இல்ல. கண்ணு டாக்டராண்ட போனேன், கண்ணாடி குடுத்தாரு. ஞாபகந்தான் செரியில்லன்னு நெனைக்கறேன். இப்பல்லாம் எதுனாலும் ரெண்டு பேரக் கேட்டுட்டுதான் செய்யறது."

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வராது. கூட்டத்தில் யாரும் எங்களைக் கவனிக்கவில்லை, அவர் என்னை அடித்தாலும் நியாயம். வாயைத் திறந்தேன்.

"வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்கா," என்றேன்.

பஸ் வந்து எங்கள் எதிரிலேயே நின்றது. நெற்றியில் பெரிய எழுத்தில் வேலூர் என்று எரிந்துகொண்டிருந்தது. அக்கா நிமிர்ந்து அதைப் பார்த்தார். கண்ணாடியைக் கொஞ்சம் ஏற்றிவிட்டு மறுபடியும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இது வேலூர்தான தம்பி?"

"ஆமாக்கா."

பக்கத்தில் நின்ற பூக்காரம்மாவிடமும் கேட்டார். அந்தம்மாவும் ஆமாம் என்ற பிறகுதான் படியில் கால் வைத்தார்.